பத்தவைக்காமல் பிறந்த கார்

அலுமினிய இட்லிக் குண்டானின் காதை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். கைப்பிடி பாத்திரத்தோடு சேரும் இடத்தில், பக்கத்துக்கு இரண்டாக, தட்டையான மொட்டுகள் தெரியும். ரிவிட். எவர்சில்வர் பாத்திரமாக இருந்தால் அந்த இடத்தில் பெரும்பாலும் ஸ்பாட் வெல்டிங் வைத்த புள்ளிகள்தான் இருக்கும். பாத்திரக்காரர்கள் அலுமினியத்தோடு எவ்வளவோ காலம் பழகியவர்கள். நெருப்பைக் காட்டி அதைச் சேர்ப்பதைவிட ஆணி அடித்துச் சேர்ப்பது நிம்மதி என்பது அவர்களுக்குத் தெரியும். (பேச்சு வழக்கில் ‘ரிவிட் அடிப்பது’ என்றால் ஆளைப் போட்டு வதைப்பது என்று ஆகிவிட்டது. அலுமினியத்தைக் கேட்டால் வதை வெல்டிங்தான், ரிவிட் கருணை என்று சொல்லும்.)

சில வருடங்களுக்கு முன் என் பைக்கின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் விண்டுபோனது. வழக்கமாகப் போகும் டிங்கரிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் கையில் வாங்கி எடை பார்த்தார், ஒரு காந்தத் துண்டை ஒட்டிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“அலுமினியம்ணே. நம்மகிட்ட ஆகாது. ஆர்கான் மெஷின் வச்சிருக்கறவங்ககிட்டப் போங்க.”

“ஏன், கேஸ்ல பத்தவைக்க முடியாதா?”

“இரும்புன்னா சூடாகச் சூடாகச் செவக்கும்ணே. செவப்பைப் பார்த்துட்டுக் கைய நிறுத்திக்கலாம். இது செவக்காது. வெள்ளையாவே இருக்கும், இருக்கும்… பொசுக்குனு கீழ விழுந்துரும்.”

உலோகவியல் பாடம் எடுப்பவர்கள் அரை மணி நேரம் சொல்வதை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அது சிவப்பாக ஒளிர்வதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் அதன் மேல்தோல். காற்றுப் பட்ட கணமே அலுமினியம் தன்மேல் ஆக்சைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். அந்தப் படலம் உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். தோல் உருகுவதற்கு வெகு முன்னே உள்ளே இருக்கும் சதை தண்ணீராகிவிடுகிறது. வெப்பத்தையும் மின்சாரத்தையும் அலுமினியம் வேகமாகக் கடத்திவிடும் என்பதால், இரும்புக்கு ஆவதைப்போல இரண்டு மூன்று மடங்கு மின்னோட்டம் கொடுத்தால்தான் ஸ்பாட் வெல்டிங் பிடிக்கும்.

இத்தனையையும் தாண்டிப் பத்தவைத்துவிட்டாலும் ஒரு நஷ்டம் காத்திருக்கிறது. வண்டிகளுக்குப் போகும் அலுமினியக் கலவைகளில் பல, சூடுபடுத்திப் பக்குவம் செய்து பலம் ஏற்றியவை. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பக்குவம் கலைந்து, பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சமயத்தில் பாதிகூடப் போய்விடும். அதுவும் எந்த இடத்தில்? இரண்டு துண்டுகள் சேரும் மூட்டில், பலம் மிக அதிகம் தேவைப்படும் இடத்தில். அதை ஈடுகட்டத் தகட்டைத் தடிமனாக்க வேண்டும். தடிமனாக்கினால் எடை கூடும். எடை குறையும் என்றுதானே அலுமினியத்திடம் வந்தோம்?

இந்த முடிச்சை 1990-களில் ஒரு சின்ன இங்கிலாந்துக் கம்பெனி பசை போட்டு அவிழ்த்தது. பசை என்றதும் நமக்கு மைதா வாளியும் சுவரொட்டியும்தான் கண்ணில் வருகின்றன, ஒரு இளக்காரமும் கூடவே வருகிறது. எழுபது மைல் வேகத்தில் போகும் வண்டியின் எலும்புக்கூட்டைப் பசையால் ஒட்டுவதா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. வாகனத் தொழிலே ஐம்பது வருடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பசை கார்க்காரர்களின் கண்டுபிடிப்பே அல்ல. அது பிறந்தது பால்பசையின் மேல் அலுத்துப்போன ஒரு மனிதரிடம்.

நார்மன் டி புரூயின் 1904-இல் பிறந்த ஊர் சிலி நாட்டின் தென்கோடியில் இருக்கும் புன்டா அரேனாஸ். அப்பா டச்சுக்காரர், அம்மா ஆங்கிலேயர். படித்தது கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில். கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ரூதர்ஃபோர்டின் காலத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தவர். அணுவுக்குள்ளே எட்டிப்பார்க்க உலகமே அங்கு வந்து வரிசையில் நின்ற நாட்கள் அவை. இவருக்கோ விமானப் பித்துப் பிடித்துவிட்டது. ஓட்டக் கற்றுக்கொண்டதோடு விடவில்லை, சொந்தமாக ஒன்றைச் செய்யவும் இறங்கினார். ‘ஸ்னார்க்’ என்று பெயர், ஒட்டுப்பலகையால் ஆன நான்கு இருக்கை விமானம், 1934-இல் பறந்தது. ஸ்னார்க்கில் அந்த ஒன்றோடு சரி, இரண்டாவது செய்யவில்லை.

விமானம் செய்யப் போனவருக்கு இறக்கையைவிட அதை ஒட்டும் பசைமேல் கவனம் திரும்பியது. அன்றைய மர விமானங்களை ஒட்டியது கேசீன், அதாவது பால் திரிந்தால் பிரியும் புரதத்திலிருந்து செய்த பசை. நம் தச்சர்கள் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரத்துக்கு அது பங்காளி முறை. இரண்டுக்கும் ஒரே நோய்: ஈரம் பட்டால் இளகும், பூஞ்சை பிடிக்கும், நாறும். வானத்தில் ஆளைத் தூக்கிப் போகும் பொருளின் மூட்டு, ஊசிப்போன தயிரைப்போல நடந்துகொள்வதா என்று டி புரூயினுக்கு எரிச்சல். கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே டக்ஸ்போர்டு கிராமத்தில் ‘ஏரோ ரிசர்ச்’ என்ற பெயரில் ஒரு சிறு கம்பெனி வைத்துச் செயற்கைப் பிசின்களோடு மல்லுக்கட்டினார்.

முதல் பலன் 1937-இல் வந்த ‘ஏரோலைட்’. யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின். ஒரு பலகையில் பிசின், மறு பலகையில் அமிலக் கரைசல். இரண்டும் முகம் பார்த்த பிறகுதான் இறுகத் தொடங்கும். அதுவரை அவசரமில்லாமல் பூசிக்கொள்ளலாம். பூஞ்சை தின்ன அதில் எதுவுமில்லை. இரண்டாம் உலகப் போரில் மஸ்கிட்டோ என்ற மரப் போர்விமானத்துக்கு இதுதான் பசை ஆயிற்று. மஸ்கிட்டோவின் பாகங்களை மேஜை நாற்காலிப் பட்டறைகளும் பியானோ செய்யும் கம்பெனிகளும் செய்து அனுப்பின. தொடக்கத்தில் வந்தவற்றில் கேசீன் இருந்தது, பிறகுதான் ஏரோலைட்டுக்கு மாறினார்கள்.

1944-இன் பிற்பகுதியில் இந்தியாவில் இருந்த மஸ்கிட்டோக்களில் சிலவற்றின் இறக்கை பறக்கும்போதே பிய்ந்துபோனது. நம் ஊர் வெயிலும் மழையும்தான் பசையைக் கெடுத்துவிட்டன என்று முதலில் பழி வந்தது. பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு: பல மூட்டுகளில் பலகைகள் சரியாகவே பொருந்தியிருக்கவில்லை. இடுக்கு விட்ட இடத்தில் எந்தப் பசையும் ஒன்றும் செய்துவிட முடியாது. பசை தோற்றது என்று சொல்லப்படும் கதைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான், பூசிய கையின் தோல்வி.

மரத்தோடு மரம் சரி. உலோகத்தோடு உலோகம்? மரத்துக்கு நுண்துளை உண்டு, பிசின் உள்ளே இறங்கி வேர் பிடிக்கும். உலோகம் வழவழப்பு. பழைய வீடுகளில் இருந்த பழுப்பு நிற பேக்லைட் சுவிட்ச் ஞாபகமிருக்கிறதா? அது ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின். உலோகத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கீழே போட்டால் சுவிட்ச் நொறுங்குவதுபோல மூட்டும் நொறுங்கும். அதற்கு ஒரு வளைவுக் குணம் கொடுக்க டி புரூயினும் அவருடைய சகா ஜார்ஜ் நியூவெலும் 1941-இல் கண்ட வழி விசித்திரமானது. திரவப் பிசினைத் தகட்டில் தடவினார்கள். அது ஈரமாக இருக்கும்போதே பாலிவினைல் ஃபார்மல் என்ற இழுபடும் பிளாஸ்டிக்கின் பொடியை மேலே கொட்டினார்கள். விபூதி பூசிவிட்டு அதிகப்படியை உதறுவதுபோல, ஒட்டாத பொடியைத் தட்டி உதறினார்கள். பிறகு இரண்டு தகடுகளையும் சேர்த்து வைத்து, சுமார் 150 டிகிரி சூட்டில் அழுத்திப் பிடித்தார்கள். பொடி உருகிப் பிசினோடு கலந்து இறுகியது. இறுகிய பிடிப்பும் கொஞ்சம் நெகிழும் குணமும் ஒரே மூட்டில். பெயர் ‘ரீடக்ஸ்’: ‘ரிசர்ச்’ என்ற சொல்லின் தலையையும் ‘டக்ஸ்போர்டு’ என்ற ஊரின் தலையையும் வெட்டி ஒட்டியது. பசைக்காரர்களுக்குப் பெயரையும் ஒட்டித்தான் வைக்க வருகிறது.

விமானத்துக்காகப் பிறந்த ரீடக்ஸுக்குப் பெரிய அளவில் கிடைத்த முதல் வேலை தரையில்தான்: சர்ச்சில், குரோம்வெல் டாங்கிகளின் கிளட்ச் தட்டுகள். சூடும் உராய்வும் உதறலும் ஓயாத இடம். அங்கே தாக்குப்பிடித்த பிறகே அதை ஆகாயத்துக்கு அனுப்பினார்கள். 1944-இல் பறந்த ‘ஹார்னெட்’ போர்விமானத்தின் இறக்கையில் மரமும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டின. அடுத்து ‘டவ்’, அதற்கடுத்து 1949-இல் உலகின் முதல் ஜெட் பயணி விமானமான ‘காமெட்’. 1954-இல் இரண்டு காமெட்டுகள் நடுவானில் சிதறியதும் அதையொட்டிய ஆய்வும் பிரசித்தம். மத்தியதரைக் கடலடியிலிருந்து எடுத்து வந்த சிதிலங்களை அடுக்கிப் பார்த்து விரிசல் எங்கிருந்து கிளம்பியது என்று தேடினார்கள். கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய ஜன்னலின் மூலையில், ஒரு துளையின் விளிம்பில் போய் அந்தத் தேடல் நின்றது.

துளை என்பதுதான் ஆணியின் பாவம். தகட்டில் ஓட்டை போட்டால் இழுவிசை அந்த ஓட்டையைச் சுற்றிக் குவிகிறது, அங்கிருந்தே களைப்பு தொடங்குகிறது. பசை ஓட்டை கேட்பதில்லை, மூட்டின் பரப்பு முழுவதிலும் பாரத்தைப் பங்கிடும். ஆனால் சமமாகப் பங்கிடுவதில்லை. பாரத்தில் பெரும்பகுதியைச் சுமப்பவை ஒட்டின் இரண்டு ஓரங்கள்தான், நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. அதனால் ஒட்டின் நீளத்தை இரண்டு மடங்காக்கினாலும் பலம் இரண்டு மடங்காகாது. இதை டி புரூயினே கணக்குப் போட்டு எழுதினார். பசையின் உண்மையான பலவீனமும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. சுவரில் ஒட்டிய போஸ்டரை உள்ளங்கையால் கீழே தள்ளிப் பாருங்கள், நகராது. மூலையில் நகத்தை விட்டு உரித்தால் சரசரவென்று மொத்தமும் கையோடு வரும். சறுக்குவதற்குச் சம்மதிக்காத பசை, உரிப்பதற்குச் சம்மதித்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு வரும்போது வேண்டும்.

போர் முடிந்த சில ஆண்டுகளில் டக்ஸ்போர்டு கம்பெனி ஸ்விட்சர்லாந்தின் சீபா கைக்குப் போனது. சீபாவிடம் அப்போது இன்னொரு சரக்கு இருந்தது. பியர் காஸ்தான் என்ற ஸ்விஸ் வேதியியலர் பல்செட்டுக்கு ஏற்ற பொருள் தேடப்போய்க் கண்டெடுத்த எபாக்சி பிசின். அதற்கு ‘அரால்டைட்’ என்று பெயரிட்டு 1946-இல் பாசெல் நகரக் கண்காட்சியில் வைத்தார்கள். ஆமாம், அதே அரால்டைட்தான். மேஜை டிராயரில், ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி, ஒரு டியூப் காலியாகி மறு டியூப் பாதியில் நிற்குமே, அது. இரண்டையும் சம அளவு பிதுக்கித் தீக்குச்சியால் கலக்க வேண்டும் என்பது விதி. நம் வீட்டில் யாரும் சமமாகப் பிதுக்கியதில்லை என்பதற்கு அந்த டிராயரே சாட்சி.

விமானம் ஒட்டிக்கொண்டு பறந்தது. கார் மட்டும் ஏன் வரவில்லை? கார்த் தொழிலுக்கு அவசியமே இருக்கவில்லை. இரும்புத் தகடு மலிவு. ஸ்பாட் வெல்டிங் ஒரு புள்ளிக்கு ஒரு நொடிகூட ஆகாது. ஒரு காருக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள், சடசடவென்று வைத்துவிட்டு அடுத்த வண்டியை இழுத்துக்கொள்ளலாம். பசையோ தகட்டைக் குளிப்பாட்டச் சொல்லும், எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது என்று முகம் சுளிக்கும், அடுப்பில் வை என்னும், வேகும்வரை பிடித்துக்கொண்டு நில் என்னும். வருடத்துக்கு நூறு விமானம் செய்கிறவர் பொறுப்பார். நாளைக்கு ஆயிரம் கார் இறக்குகிறவர் பொறுப்பாரா?

1973-இன் எண்ணெய் நெருக்கடி இந்தச் சுகத்தைக் கலைத்தது. வண்டியின் எடையைக் குறைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. கனடாவின் அலுமினியக் கம்பெனியான அல்கான், சரக்கை விற்க வேண்டுமென்றால் ஒட்டும் வித்தையையும் சேர்த்து விற்க வேண்டும் என்று புரிந்துகொண்டது. அதன் கெட்டிக்காரத்தனம் பசையில் இல்லை, குளியலில் இருந்தது. ஒவ்வொரு கார்த் தொழிற்சாலையும் தகட்டை அமிலத் தொட்டியில் முக்குவதற்குப் பதிலாக, ஆலையிலேயே, சுருளாக ஓடும்போதே மேல்தோலைப் பக்குவம் செய்து அனுப்பியது. அச்சில் அழுத்தும்போது பூசும் மசகும் பசைக்குப் பகையாகாதபடி பார்த்துக்கொண்டது. 1982-இல் பிரிட்டிஷ் லேலண்டின் ஆராய்ச்சிப் பிரிவு ‘இசிவி 3’ என்ற சோதனைக் காரை இந்த முறையில் செய்து காட்டியது. ஆனால் அல்கானின் முறையில் பசையோடு ஸ்பாட் வெல்டும் உண்டு. பசை வேகும்வரை தகடுகளைப் பிடித்துவைக்க வெல்டு. கட்டிலைப் புதிதாக மாற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பழைய கயிற்றையும் கட்டியதுபோல.

கயிற்றை அவிழ்த்தது லோட்டஸ்.

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஹெத்தெல் என்ற ஊர். போர்க்காலத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய ஓடுதளத்தின்மேல் 1966-இலிருந்து லோட்டஸ் உட்கார்ந்திருக்கிறது. எடையை ஜென்ம விரோதியாகப் பாவித்த காலின் சாப்மன் ஆரம்பித்த கம்பெனி. அவர் 1982-இல் போன பிறகு தள்ளாடியது. ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது, 1993-இல் இத்தாலியரான ரொமானோ ஆர்டியோலியிடம் விற்றது. காசு இல்லை. இருந்த கொஞ்சத்தை வைத்து ஒரு சின்ன, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் செய்யத் தீர்மானித்தார்கள். வெளித்தோற்றம் ஜூலியன் தாம்சன் பொறுப்பு, எலும்புக்கூடு ரிச்சர்ட் ராக்கம் பொறுப்பு.

எலும்புக்கூட்டுக்குத் தகடு இல்லை, பிழிந்த அலுமினியம். இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பாடப்புத்தகம் வேண்டாம், முறுக்கு உழக்கு போதும். மாவு வெளியேறும் அச்சின் ஓட்டை எந்த வடிவமோ அதுவே முறுக்கின் வடிவம். முள்ளு முறுக்கின் முள்ளை யாரும் கையால் கிள்ளி வைப்பதில்லை, அச்சு செய்துவிடுகிறது. சூடேற்றிய அலுமினியக் கட்டையை அப்படியே அச்சில் தள்ளிப் பிழிந்தால், உள்ளே குழாய், வெளியே விளிம்பு, ஓரத்தில் பள்ளம் என்று எந்தக் குறுக்குவெட்டும் நீளநீளமாக வரும். புதுக் காருக்கு ராட்சத அழுத்து அச்சுகள் வாங்கினால் கம்பெனி திவாலாகிவிடும். முறுக்கு அச்சு கொஞ்சக் காசு. பிழிந்து கொடுத்தது ஹைட்ரோ என்ற நார்வே நிறுவனம், அதன் டென்மார்க் தொழிற்சாலை.

அதே ஹைட்ரோ, அதே வருடங்களில், ரெனோவின் ‘ஸ்பைடர்’ என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் அலுமினியக் கூடு செய்தது. அதை வெல்டிங் செய்தார்கள். ராக்கம் வெல்டிங்கை வேண்டாமென்றார். காரணம் மேலே சொன்ன பட்டறைக் கணக்குதான்: சூடு பட்டால் பலம் போகும், போன பலத்துக்கு ஈடாகச் சுவர் தடிக்கும். பசைக்கு அந்தப் பயமில்லை. எனவே குழாய்களின் சுவரை ஒன்றரை மில்லிமீட்டர் வரை மெலிதாக்க முடிந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் என்பது நம் பத்து ரூபாய் நாணயத்தின் தடிமனைவிடக் குறைவு. சூட்டில் கூடு கோணவும் இல்லை. கோணினால் நிமிர்த்த ஒரு ஆள் வேண்டும், அந்தச் சம்பளமும் மிச்சம்.

பசை வந்தது எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? சீபாவின் எபாக்சி. டி புரூயின் கடை போட்ட டக்ஸ்போர்டை அப்போது தன்னிடம் வைத்திருந்த அதே சீபா. விமானம் ஒட்டிய வித்தை ஒரு வழியாகக் காருக்கு வந்து சேர ஐம்பது வருடம் பிடித்தது.

வேலை இப்படி நடக்கும். பிழிந்து வந்த நீளங்களை வெட்டி, துளையிட்டு, அனோடைஸ் செய்வார்கள். காற்றில் தானாக வளரும் ஆக்சைடு தோலை நம்ப முடியாது. ஈரம் அதன் அடியில் புகுந்தால் பசை உலோகத்தை விடாது, தோல்தான் உலோகத்தை விட்டுவிடும். அதனால் மின்சாரக் குளியலில் கெட்டியான, ஒழுங்கான தோலை வளர்த்து அதன்மேல் பசையை இழுப்பார்கள். பசைக்கோடு மிகவும் தடித்தாலும் கெடுதல், துண்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பசையை முழுக்கப் பிதுக்கிவிட்டாலும் கெடுதல். சில பசைகளில் இதற்காகவே பொடிக் கண்ணாடி மணிகளைக் கலந்து வைத்திருப்பார்கள். எவ்வளவு அழுத்தினாலும் மணியின் பருமனுக்குக் கீழே இடைவெளி சுருங்காது. பிறகு துண்டுகளைப் பூட்டி அடுப்பில் வேகவிட வேண்டியதுதான்.

போஸ்டர் மூலை? மோதலில் ஒரு விளிம்பு உரியத் தொடங்கினால் மூட்டு முழுவதும் போஸ்டர்போலப் போய்விடுமே. அதற்குத்தான் உரியத் தொடங்கக்கூடிய இடங்களில் திருகுகளைப் போட்டார்கள். வேகமாகச் சுழன்று தானே துளைத்து, தானே மரை போட்டுக்கொண்டு இறங்கும் திருகு. அது பாரம் சுமக்க வந்ததில்லை, சட்டைக் காலரின் மேல் பொத்தானைப்போல. பாரம் மொத்தமும் பசையின் தலையில்.

முடிவில் நின்ற கூட்டின் எடை 68 கிலோ. ஒரு வளர்ந்த ஆளின் எடை. முழுக் காரும் 725 கிலோ அளவில் நின்றது. மாருதி 800-ஐவிட ஒரு ஆள் எடைதான் கூடுதல், ஆனால் 1.8 லிட்டர் என்ஜின். வெல்டிங் செய்த ரெனோ ஸ்பைடர் 930 கிலோ. இந்த வித்தியாசம் அத்தனையும் பசையால் என்று சொன்னால் பொய். ஸ்பைடரின் என்ஜினும் பெரிது, மற்றதும் பெரிது. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது: லோட்டஸின் பின்பக்கத்தில் சஸ்பென்ஷனைத் தாங்கிய துணைச்சட்டம் இரும்புதான். வெல்டிங் இல்லாத கார் என்பது கூட்டைப் பற்றிய பேச்சு.

1995 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் திரையை விலக்கினார்கள். காருக்கு ஆர்டியோலியின் பேத்தியான எலிசாவின் பெயர்: ‘எலீஸ்’. உள்ளே கம்பளமில்லை, மெத்தையில்லை. பிழிந்த அலுமினியம் பளபளவென்று தோல் தெரிய நின்றது. கால் மிதிகள்கூட அச்சில் பிழிந்து வெட்டியவைதான். அந்தக் காரில் ஏறுவது தனி வித்தை. கூடு முறுகாமல் இருக்க இரண்டு பக்கமும் ஆழமான பெட்டிக்குழாய்கள் ஓடுவதால் வாசற்படி உயரமும் அகலமும். முதலில் படிமேல் உட்கார்ந்து, பிறகு உள்ளே சரிந்து விழ வேண்டும். விழுந்தவர்கள் எழுந்திருக்க விரும்பவில்லை என்பதுதான் லோட்டஸைக் காப்பாற்றியது.

அதன்பின் வரிசை வேகமாக வந்தது. ஆஸ்டன் மார்ட்டின் 2001-இல் தன் வான்கிஷை ஒட்டியது. 2008-இல் டெஸ்லாவின் முதல் கார் ரோட்ஸ்டர் ஹெத்தெலில்தான் உருவானது, அதன் கூடு எலீஸின் கூட்டிலிருந்து வளர்ந்தது. இதெல்லாம் சின்ன எண்ணிக்கை. பெரிய தொழிற்சாலையில் பெரிய காருக்கு இதைக் கொண்டுபோனது ஜாகுவார். 2003-இன் எக்ஸ்ஜே, தகட்டு அலுமினியம், அல்கான் வழி வந்த பரம்பரை. அதில் பசை நூறு மீட்டருக்கும் மேல். வெல்டுக்குப் பதில் ரிவிட், மூவாயிரத்துக்கும் மேல்.

இந்த ரிவிட் இட்லிக் குண்டானின் ரிவிட் அல்ல. அதற்கு முன்கூட்டி ஓட்டை வேண்டாம். எஃகாலான குட்டையான குழாய் ஒன்று, பல டன் அழுத்தத்தில் மேல் தகட்டைக் குத்திக்கொண்டு இறங்கும். கீழ்த் தகட்டுக்குள் புகும்போது அடியிலிருக்கும் அச்சில் மோதி, அதன் கால்கள் பாவாடைபோல விரியும். கீழ்த் தகட்டைத் துளைத்து வெளியே வராமலே உள்ளுக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் ஒரு பொத்தான் மட்டும் புடைத்துத் தெரியும். ஓட்டை இல்லாததால் தண்ணீர் புகாது. ரிவிட் எஃகு, தகடு அலுமினியம், இரண்டும் ஈரத்தில் உரசினால் அரிப்பு வருமே என்றால், ரிவிட்டுக்குப் பூச்சு உண்டு, தகடுகளுக்கு இடையே பசையே தடுப்புச் சுவர். பசை வேகும்வரை தகடுகளைப் பிடிப்பது, ஓரம் உரியாமல் காப்பது என்று லோட்டஸில் திருகு செய்ததை இங்கே ரிவிட் செய்கிறது. முந்தைய எஃகு எக்ஸ்ஜேயைவிட பாடி 40 சதவீதம் எடை குறைந்து, 60 சதவீதம் விறைப்புக் கூடியது என்று ஜாகுவார் கணக்கு சொன்னது. பொறி பறக்காத பாடி ஷாப் ஒன்றைக் கார்த் தொழில் பார்த்தது. அது இருந்த இடம் பர்மிங்ஹாம் பக்கத்தில் காசில் பிராம்விச். போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்களை ரிவிட் அடித்து அடித்து இறக்கிய தொழிற்சாலை அது.

அந்த ஸ்பிட்ஃபயருக்கும் டி புரூயினுக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. அலுமினியம் தட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பயத்தில், பிசினில் நனைத்த ஆளிவிதைச் செடியின் நாரால் அவர் ஒரு ஸ்பிட்ஃபயர் உடற்கூடு செய்து பார்த்தார். இன்றைய கார்பன் நார்க் கார்களின் கொள்ளுத் தாத்தா என்று தாராளமாகச் சொல்லலாம். தட்டுப்பாடு அவ்வளவுக்கு வரவில்லை, கூடு ஓரமாகப் போய்விட்டது.

எங்கள் பட்டறைக்காரரிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “அடிபட்டா?” நல்ல கேள்வி. எலீஸின் மூக்கில் ஒரு தனிப்பெட்டி இருக்கிறது, மோதினால் நொறுங்குவதற்கென்றே ஒட்டிய பெட்டி. அது நொறுங்கினால் மாற்றலாம். கூடே கோணிவிட்டால் தட்டி நிமிர்த்துவது, வெட்டிப் பத்தவைப்பது எதுவும் கிடையாது. கூட்டையே மாற்ற வேண்டும். ஜாகுவாரில் சேதப்பட்ட தகட்டை எடுத்துவிட்டு, திரும்பவும் பசை பூசி ரிவிட் அடிக்கலாம்தான். அதற்குத் தனிக் கருவி, தனிப் பயிற்சி, இரும்புத்தூள் பறந்து வராத தனி அறை வேண்டும். அவர் தன் பட்டறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். “அப்ப இது நமக்கு வர்ற வண்டி இல்லண்ணே” என்று சொல்லிவிட்டு, அடிபட்ட வேன் ஒன்றின் கதவைத் தட்டப் போய்விட்டார்.

டி புரூயின் 1997-இல் இறந்தார். அதற்குள் எலீஸ் சாலைக்கு வந்துவிட்டிருந்தது. டக்ஸ்போர்டின் பழைய விமானத்தளம் இப்போது போர் அருங்காட்சியகம். அங்கே ஒரு மஸ்கிட்டோ நிற்கிறது, ஒரு டவ் நிற்கிறது, ஒரு காமெட்டும் நிற்கிறது. அதே ஊரில் இருக்கும் அவருடைய தொழிற்சாலை கைமாறி கைமாறி இன்று ஹெக்செல் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. ரீடக்ஸ் இன்னமும் அந்தப் பெயரிலேயே விற்பனையாகிறது. பொடி தூவுவதற்குப் பதிலாக, மெல்லிய படலமாகச் சுருட்டி ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்கள். வேண்டும்போது எடுத்துக் குளிர் இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் மேலே பனி வியர்த்துவிடும், ஒட்டு நிற்காது.